ஃபீட்பேக் லிங்க் எப்போது சார் வரும்?

பேராசிரியர்கள் கூடியிருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இப்போது ஓர் அழைப்பிதழ் கண்ணில் படுகிறது. ஐந்து நாள் இணையவழி எஃப்.டி.பி., அதாவது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி; தலைப்பில் எப்படியாவது செயற்கை நுண்ணறிவு இருக்கும்; பத்து அமர்வுகள், வட்டத்துக்குள் பத்து வல்லுநர்களின் முகங்கள், அடியில் கொட்டை எழுத்தில் ‘பங்கேற்கும் அனைவருக்கும் மின்சான்றிதழ்’. 2020 கோடையில் இதே அச்சில்தான் கூகுள் கிளாஸ்ரூம் பயிற்சி வந்தது. தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அண்மையில் ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது ஒரு கல்லூரி முதல்வர் எழுந்தார். “அந்த எஃப்.டி.பி.கள் மட்டும் இல்லையென்றால் கொரோனா காலத்தில் ஒரு வகுப்பும் நடந்திருக்காது. நன்றி மறந்து பேசாதீர்கள்” என்றார். அரங்கம் கைதட்டியது.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, கணினியைத் தொடவே தயங்கிய மூத்த பேராசிரியர்கள் பலர், கல்லூரி மறுபடி திறப்பதற்குள் திரையைப் பகிரவும், கோப்பை ஏற்றவும், நாற்பது நிமிடத்தில் துண்டித்துவிடும் இலவச ஜூமை ஏமாற்றி இரண்டாம் முறை நுழையவும் கற்றிருந்தார்கள். கூச்சம் போயிற்று. தன் மாணவனாக இருந்தவரிடமே சந்தேகம் கேட்கலாம் என்று ஆயிற்று. இந்தக் கணக்கில் அந்தப் பயிற்சிகளுக்கு ஒரு வணக்கம். ஆனால் அச்சம் தெளிவிக்க இரண்டு பிற்பகல்கள் போதும். ஆண்டுக்கணக்கில் அதையே நடத்திக்கொண்டிருப்பதற்கு அந்த வணக்கம் செல்லாது.

என் மறுப்பு கொரோனாவுக்கும் மூத்தது. இந்தப் பயிற்சிகளில் ஆசிரியருக்குக் காட்டத்தான் கற்றுத் தருகிறார்கள். இணையவழியில் அவர் இழந்ததோ பார்வையை.

வகுப்பறையில் ஓர் ஆசிரியர் உண்மையில் என்ன செய்கிறார்? பேசுகிறார், எழுதுகிறார், அது வெளியே தெரிகிற பாதி. மீதிப் பாதியில் அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மூன்றாம் பெஞ்சில் பேனா நின்றுவிட்டது. கடைசி வரிசையில் ஒருத்தி பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறாள். எல்லாரும் ‘புரிந்தது சார்’ என்று ஒரே குரலில் சொன்னால் யாருக்கும் புரியவில்லை என்று பொருள். அனுபவமுள்ள ஆசிரியர் தன் அடுத்த வாக்கியத்தை இந்தக் காட்சிகளிலிருந்துதான் எடுக்கிறார். கூகுள் மீட்டில் இதெல்லாம் ஒரே நாளில் போயிற்று. அறுபது முதலெழுத்துகள் வண்ண வட்டங்களுக்குள் உட்கார்ந்திருந்தன. கேமராவை அணைத்து வைத்ததற்கு மாணவரையும் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு ஒரு செல்பேசி, அதில் நாளுக்கு ஒன்றரை ஜிபி, பின்னால் தம்பியின் ஐந்தாம் வகுப்புப் பாடம். டேட்டா போதவில்லை என்பது தமிழக அரசுக்கே தெரிந்துதான் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவருக்கு நாளுக்கு 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தது. அறுபது வட்டங்களுக்குப் பின்னால் யாருக்கு என்ன புரிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கோடையில் ஓர் ஆசிரியருக்கு வேண்டியிருந்த ஒரே பயிற்சி அதுதான். அதை எந்த அமர்விலும் நான் கேட்கவில்லை. பிபிடியில் எழுத்து எப்படிப் பறந்து வர வேண்டும் என்று இரண்டு அமர்வு கேட்டேன்.

யாப்பு நடத்துகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ‘வானவில்’ என்ற சொல்லை அசை பிரிக்கச் சொல்கிறார். சரியான பிரிப்பு வா / னவில், நேர், நிரை, வாய்பாடு கூவிளம். முதலாண்டு மாணவர் பலர் வான / வில் என்று வெட்டுவார்கள். காது வெட்ட வேண்டிய இடத்தில் பொருள் வெட்டிவிடுகிறது. வகுப்பறையில் நோட்டைக் குனிந்து பார்த்த அந்த நொடியே ஆசிரியருக்குப் பிழையின் வேர் கிடைத்துவிடும்: “சொல்லை மற, சத்தமாகச் சொல்லிப் பார்” என்பார், தீர்ந்தது. எஃப்.டி.பி. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கூகுள் படிவத்தில் நான்கு விடைகளோடு வினா அமைக்க. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மாணவி தேமாவைத் தொடுகிறாள். தவறு என்று சிவப்பு வருகிறது. எத்தனை பேர் தேமாவைத் தொட்டார்கள் என்று வண்ண வட்டப்படமும் வருகிறது. ஏன் தொட்டார்கள் என்பது அந்த வட்டப்படத்தில் எங்கும் இல்லை. கூவிளத்தைத் தொட்ட பாதிப் பேர் குத்துமதிப்பாகத் தொட்டார்களா என்பதும் இல்லை. பயிற்சி கொடுத்த வல்லுநர் இதை ‘உடனடி மதிப்பீடு’ என்று பாராட்டினார். உடனடிதான், மதிப்பீடு எங்கே?

இதே கருவிகளைக் கொண்டு பார்க்கவும் முடியும் என்பதுதான் வயிற்றெரிச்சல். எனக்குத் தெரிந்த ஒரு வணிகவியல் ஆசிரியை, எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராத ஒரு வேலையைச் செய்தார். இரவு ஒரே ஒரு கணக்கு கொடுப்பார். விடையை அல்ல, நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அடித்தல் திருத்தலோடு அப்படியே. காலையில் அறுபது படங்களையும் புரட்டுவார். பற்றில் வர வேண்டியது வரவில் போயிருக்கும். தேய்மானத்தை ஒருவன் இரண்டு முறை கழித்திருப்பான். அவற்றில் மூன்று பிழைகளைப் பொறுக்கி, பெயர் சொல்லாமல், நான்கு நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்புவார். ஜூம் வகுப்பை ஐம்பது நிமிடத்திலிருந்து இருபதாகக் குறைத்துவிட்டார். அவர் பயன்படுத்திய தொழில்நுட்பம் எல்லார் கையிலும் இருந்தது. பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் மட்டும் இருந்தது.

பயிற்சியாளர்களுக்கு இந்த எண்ணம் வராததற்கு ஒரு வரலாறு உண்டு. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) தூர்தர்ஷனில் ‘நாடளாவிய வகுப்பறை’யைத் தொடங்கியது. 2004இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை மேலே அனுப்பினோம். அதே காலத்தில் ஐஐடிகளின் என்பிடெல் காணொளிப் பாடங்கள், 2017இல் ஸ்வயம் இணையத்தளம். இவை எல்லாவற்றின் கனவும் ஒன்று: நல்ல ஆசிரியர் ஒருவரை நாடெங்கும் காட்டுவது. அது தவறான கனவு அல்ல. முகம் தெரியாத லட்சம் பேருக்குப் பேசுகிறவர் காட்டத்தான் முடியும். ஆனால் விழுப்புரத்திலோ சிவகங்கையிலோ ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர் நாட்டுக்கு ஒளிபரப்பவில்லை. அவர் முன்னால் இருப்பவர்கள் பெயர் தெரிந்த அறுபது பேர். யார் அதிகாலையில் பூச்சந்தைக்குப் போய்விட்டு வருகிறார் என்பதுகூட அவருக்குத் தெரியும். அவரைக் கொண்டுபோய் ஒளிபரப்பாளராக மாற்றுவதற்கு ஐந்து நாள் பயிற்சி. ஒலிவாங்கி எங்கே இருக்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும், யூடியூபில் சந்தாதாரரை எப்படிச் சேர்ப்பது. பாடம் நடத்துவதையும் நிகழ்ச்சி நடத்துவதையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள்.

பயிற்சி நடக்கும் விதமே இதற்குச் சாட்சி. இணையவழியில் எப்படிக் கற்பிப்பது என்பதை அங்கே ஒருவர் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசிக் கற்பிக்கிறார். கேட்கிற இருநூறு ஆசிரியர்களும் கேமராவை அணைத்திருக்கிறார்கள். பலர் சமையற்கட்டில், சிலர் பேருந்தில். தம் மாணவர்கள் செய்ததாகப் புகார் சொன்ன அத்தனையும் அங்கே இவர்கள் செய்வார்கள். கடைசிப் பத்து நிமிடம் வந்ததும் உரையாடல் பெட்டி உயிர்பெறும். “ஃபீட்பேக் லிங்க் எப்போது சார் வரும்?” “லிங்க் வேலை செய்யவில்லை மேடம்.” “பெயரில் இன்ஷியல் முன்னால் போடணுமா பின்னால் போடணுமா?” பேசியவரின் பாடத்தைப் பற்றி அந்தப் பெட்டியில் நான் படித்த கேள்விகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். பேசியவரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அவருக்கும் யாரும் பார்க்கக் கற்றுத் தரவில்லை.

(தமிழ்த்துறையினருக்கு வேறொரு தண்டனையும் உண்டு. பயிற்சி ஆங்கிலத்தில். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த இருபது ஆண்டுக் குறிப்புகளைப் புதிய செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டுகிறது. அரசு ஒருங்குறிக்கு மாறச் சொன்னது 2010இல். ஒருங்குறி மாற்றிக்கு அரை மணி நேரம் ஒதுக்கிய எஃப்.டி.பி. எங்காவது இருந்தால் அதற்கு நான் பணம் கட்டியே சேருவேன்.)

சான்றிதழைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நானும் நீட்டப் போவதில்லை. யூஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் அடுத்த படிக்கு ஏற நோக்குநிலைப் பயிற்சி, புத்தொளிப் பயிற்சி போன்றவை வேண்டும். பொறியியல் பக்கம் இன்னும் நேர்த்தி: எட்டு வார என்பிடெல் பாடம் ஓர் எஃப்.டி.பி.க்குச் சமம், பன்னிரண்டு வாரம் என்றால் ஒன்றரை எஃப்.டி.பி. அறிவை அரைக்கிலோ, முக்கால்கிலோ என்று நிறுக்கிற தராசு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்காகப் பதவி உயர்வு தேடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். தராசின் ஒரு தட்டில் ஆசிரியர் உட்கார்ந்திருந்த மணிகள் இருக்கின்றன. மறு தட்டில் அவருடைய மாணவர் ஒருவராவது இருக்க வேண்டாமா?

பார்த்துச் சொல்லும் பயிற்சி நமக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பி.எட். படிக்கும்போது நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று செய்திருப்பார். ஐந்தாறு நிமிடப் பாடம், சிறு குழு, பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார், பிழை சொல்வார், மறுபடி நடத்தச் சொல்வார். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த முறை. நம் கல்வியியல் கல்லூரிகளில் அது சடங்காகிப் போனாலும், தன் வகுப்பை இன்னொருவர் பார்த்த அனுபவமாவது அவருக்கு உண்டு. கல்லூரி ஆசிரியருக்கு அதுவும் இல்லை. நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம், நேரே மேடை. பிறகு ஓய்வு பெறும்வரை அவருடைய வகுப்புக்குள் சகா ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பதில்லை. முதல்வர் வராந்தாவில் நடந்து போவது ஆள் இருக்கிறாரா என்று எண்ண. இணையவழி வகுப்பு வந்தபோது சுவர் உடையும் என்று நம்பினேன். ஒரு சுட்டியை அனுப்பினால் யாரும் வந்து பார்க்கலாமே. எவரும் எவருக்கும் சுட்டி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எனக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும்.

கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதினார்கள். விளக்கிச் சொல்வதும் செய்து காட்டுவதும் மட்டும் ஆசிரியரின் வகுப்பை மாற்றுவதில்லை; அவர் தன் வகுப்புக்குத் திரும்பிய பிறகு உடனிருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். நம் பயிற்சி முடிகிற இடத்தில்தான் அவர்கள் சொல்லும் பயிற்சி தொடங்குகிறது. 2020 மார்ச்சில் சார்ல்ஸ் ஹாட்ஜஸ் என்ற கல்வி ஆய்வாளரும் நண்பர்களும் இன்னொன்றைச் சொன்னார்கள்: அவசரத்துக்கு வகுப்பைத் திரைக்கு மாற்றுவது வேறு, திட்டமிட்ட இணையவழிக் கல்வி வேறு, பின்னதற்கு ஒரு பாடத்தை ஆயத்தம் செய்யவே ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். அவசர வேலையை நாம் குறை சொல்லக் கூடாதுதான். அவசரம் தீர்ந்த பிறகும் அதையே முறை என்று பாராட்டுகிறோமே, அதைச் சொல்கிறேன்.

முதல்வர் தரப்பு இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். ஆண்டுக்குப் பதினோரு மாதச் சம்பளத்தில், அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாமல் ஓடுகிற கௌரவ விரிவுரையாளருக்கு அறுபது நோட்டுப் படங்களைப் புரட்ட நேரம் ஏது? நியாயமான கேள்வி. ஆனால் ஐந்து நாள் உட்கார மட்டும் அவருக்கு எங்கிருந்து நேரம் வந்தது?

இப்போதைய மோகத்துக்கு வருகிறேன். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியில் என்ன சொல்கிறார்கள்? வினாத்தாளை அரை நிமிடத்தில் உருவாக்கலாம், பாடத்திட்டத்தைப் பிபிடி ஆக்கலாம், உங்கள் முகத்தோடு பேசும் பொம்மை செய்யலாம். மறுபடியும் காட்டல். அதே வாரம் மாணவர் அதே செயலியில் கட்டுரை செய்து அனுப்புகிறார். முன்பு கட்டுரையில் ஒரு பிழையாவது இருக்கும். பிழை வழியாக மாணவரைக் கொஞ்சம் பார்க்கலாம். இப்போது வருகிற கட்டுரையில் பிழையும் இல்லை, மாணவரும் இல்லை. நம் வினாத்தாளை இயந்திரம் எழுத, விடையை இயந்திரம் எழுத, நடுவில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரு பருவம் முடிந்துவிடும். திருட்டுக் கட்டுரையைப் பிடிக்க எந்த மென்பொருள் வாங்கலாம் என்று ஓர் அமர்வு உண்டு. மாணவரை எதிரே உட்காரவைத்து அவர் கட்டுரையைப் பற்றி மூன்று கேள்வி கேட்பது எப்படி என்று அமர்வு இல்லை.

கருத்தரங்கு முடிந்து தேநீர் குடிக்கும்போது, அடிக்கடி எஃப்.டி.பி. நடத்துகிற ஒருங்கிணைப்பாளர் ஒருவரிடம் என் யோசனையைச் சொன்னேன். வல்லுநர்கள் வேண்டாம். பதினைந்து ஆசிரியர்கள் போதும். ஒவ்வொருவரும் தம் மாணவர் எட்டுப் பேரை இணையத்தில் அழைத்துவந்து இருபது நிமிடம் நடத்தட்டும். மற்றவர்கள் ஆசிரியரைப் பார்க்க வேண்டாம். அந்த எட்டுப் பேர் எழுதி அனுப்புவதை மட்டும் பார்த்துச் சொல்லட்டும். மறுநாள் அதே பாடத்தை அவர் மறுபடி நடத்தட்டும். செலவும் அதிகமில்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நல்ல யோசனைதான் சார். ஆனால் யார் சார் ரெஜிஸ்டர் பண்ணுவாங்க?”