‘லயன் ஆஃப் தி டெசர்ட்’ திரைப்படமும் லிபியாவின் முகாம்களும்

‘லயன் ஆஃப் தி டெசர்ட்’ (1981) இத்தாலியக் காலனியாட்சியை எதிர்த்துப் போரிட்ட லிபியத் தலைவர் உமர் முக்தாரின் இறுதி ஆண்டுகளைச் சொல்லும் ஆங்கிலத் திரைப்படம். இயக்கியவர் சிரியாவில் பிறந்த அமெரிக்கரான முஸ்தபா அக்காத். முக்தாராக ஆண்டனி குவின், இத்தாலியத் தளபதி கிராட்சியானியாக ஆலிவர் ரீட், முசோலினியாக ராட் ஸ்டைகர் நடித்தனர். முஅம்மர் கடாபியின் லிபிய அரசு இதற்குப் பணம் அளித்தது.

வரலாற்றுப் பின்னணி

1911-இல் இத்தாலி உதுமானியரிடமிருந்து லிபியாவைக் கைப்பற்றப் படையெடுத்தது. கிழக்குப் பகுதியான சிரேனைக்காவில் சனூசி என்னும் சூஃபி அமைப்பும் அதைச் சார்ந்த மேய்ச்சல் குடிகளும் இருபது ஆண்டுகள் பணியவில்லை. குர்ஆன் ஆசிரியரான முக்தார் அந்தப் போரை நடத்தினார். அவர் தோற்கடிக்கப்பட்டது நேரடிச் சண்டையால் அல்ல. 1930-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் தங்கள் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். எகிப்திலிருந்து உணவும் ஆயுதமும் வராமலிருக்க, கடற்கரையிலிருந்து ஜக்பூப் வரை சுமார் 270 கிலோமீட்டருக்கு முள்வேலி போடப்பட்டது. பசியிலும் நோயிலும் பல்லாயிரம் பேர் இறந்தனர். 1931 செப்டம்பர் 11 அன்று பிடிபட்ட முக்தார், 16-ஆம் தேதி சுலூக்கில் தூக்கிலிடப்பட்டார்.

படத்தின் வலிமை

படம் எதிரியைக் கேலிச்சித்திரமாக்கவில்லை. ரீட்டின் கிராட்சியானி அறிவும் ஒழுங்கும் கொண்டவர்; அதனாலேயே அச்சமூட்டுகிறார். முகாமும் வேலியும் அவருக்கு வெறியின் வெளிப்பாடு அல்ல, கணக்கிட்டு எடுத்த நிர்வாக முடிவு. காலனியாட்சியின் வன்முறை பெரும்பாலும் அலுவலக மேசையில் தொடங்குகிறது என்பதை இப்படம் நன்கு உணர்ந்திருக்கிறது. குவினின் நடிப்பில் முழக்கம் குறைவு. பாடம் சொல்லித்தரும் முதியவரின் நிதானமே அதில் மேலோங்குகிறது. பிடிபட்ட இளம் இத்தாலிய அதிகாரியை அவர் கொல்லாமல் அனுப்பும் காட்சி, வீரத்தை அறத்தோடு இணைக்கிறது.

விடுபடல்கள்

படத்தின் குறை அதன் வடிவத்தில் இருக்கிறது. தலைப்பு பாலைவனத்தைச் சொல்கிறது. ஆனால் முக்தாரின் போர் பெரும்பாலும் நடந்தது ஜபல் அக்தர் எனப்படும் பச்சை மலையில். மரங்களும் குகைகளும் மறைவிடம் தந்தன. மலைக்குடிகள் தானியமும் தகவலும் தந்தனர். அந்த மக்களே படையின் வேர். கிராட்சியானி வெட்டியதும் அந்த வேரைத்தான். திரைக்கதையோ இரண்டு தளபதிகளின் மோதலாகவே நகர்கிறது. முகாம்கள் காட்டப்படுகின்றன, ஆனால் நாயகனின் துயரத்துக்குப் பின்புலமாக. அங்கே ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது, மந்தையை இழந்த மேய்ப்பர் என்ன ஆனார் என்று படம் நின்று பார்ப்பதில்லை.

இன்னொரு விடுபடலும் உண்டு. சனூசி அமைப்பின் தலைவர் இத்ரீஸ் 1951-இல் லிபியாவின் மன்னரானார். 1969-இல் அவரைக் கவிழ்த்தவர் கடாபி. படத்தில் இத்ரீஸ் ஒரு பாத்திரமாகக்கூட இல்லை. அமைப்பு பின்னுக்குப் போய்த் தனிமனிதர் முன்னால் நிற்பது, பணம் தந்த ஆட்சிக்கு வசதியாகவும் இருந்தது.

தடையும் பயன்பாடும்

இராணுவத்தின் மானத்துக்கு இழுக்கு என்று கூறி 1982-இல் இத்தாலி படத்தைத் தடுத்தது. 2009 ஜூனில் கடாபி ரோமுக்கு வந்தபோதுதான் அங்கே தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அந்தப் பயணத்தில், விலங்கிடப்பட்ட முக்தாரின் புகைப்படத்தைத் தம் சீருடையில் குத்திக்கொண்டு கடாபி விமானத்திலிருந்து இறங்கினார். 2011-இல் அவரை எதிர்த்துப் பெங்காசியில் எழுந்தவர்களும் முக்தாரின் படத்தையே ஏந்தினர். எல்லாத் தரப்பும் அவரை உரிமை கொண்டாட முடிந்தது. முகாம்களில் இறந்தவர்களை ஏந்த எவரிடமும் படம் இல்லை.

மதிப்பீடு

இறுதிக் காட்சியில், தூக்கிலிடப்பட்டவரின் மூக்குக்கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துக்கொள்கிறான். போராட்டம் தொடரும் என்பது அதன் பொருள். ஆனால் சுலூக்கில் அந்தத் தூக்கைப் பார்க்க வைக்கப்பட்டவர்கள் சுதந்திரமான பார்வையாளர்கள் அல்லர், முகாம் கைதிகள். அந்தக் கூட்டத்தின் பக்கம் நின்று கதை சொல்லப்பட்டிருந்தால் இப்படம் இன்னும் பெரிய படைப்பாகியிருக்கும். இத்தாலி மறைக்க விரும்பிய ஒரு குற்றத்தை உலகத் திரையில் வைத்தது இதன் நிலையான சாதனை. இறந்தவர்களின் கதையை ஒருவரின் மரணத்துக்குள் அடக்கியது இதன் எல்லை.