வியர்வைத் துளியின் இலக்கணம்

ஜப்பானிய மாங்காவில் கோபத்துக்கு ஒரு குறி உண்டு: நெற்றிப்பொட்டில் புடைத்த நரம்பு, நான்கு வளைகோடுகளாகச் சுருங்கி நிற்கும். நெற்றியில் இருக்கும்வரை அது உடம்பின் சித்திரம். தலைமுடிமேலும் இறுக்கிய முஷ்டியிலும், சில சமயம் பேச்சுக் குமிழின் ஓரத்திலும்கூட ஒட்டிக்கொள்ளும்போது நரம்போடு அதற்கிருந்த உறவு அறுந்து, எழுத்தாகிவிடுகிறது. தூங்குபவர் மூக்கில் ஊதி நிற்கும் சளிக்குமிழ், சபலத்துக்கு மூக்கிலிருந்து பீறிடும் ரத்தம், அசடு வழியும்போது தலையோரம் தொங்கும் ஒற்றைப் பெரிய வியர்வைத் துளி எல்லாம் இந்த இனம்தான். ஜப்பானியர் இவற்றை ‘மன்பு’ என்கிறார்கள். கோனோ ஃபுமியோ 2018இல் முயலையும் தவளையையும் நடிக்கவைத்து இவற்றுக்கு அகராதி போலவே ஒரு காமிக்ஸ் நூல் வெளியிட்டார். உணர்ச்சி எல்லோருக்கும் பொது, ஆகவே குறிகளும் தாமாகவே புரியும் என்று சொல்லப்படுவதை ஏற்க முடியவில்லை. இவை பழகித் தேற வேண்டியவை.

வியர்வை எங்கும் வியர்வைதானே என்று கேட்கலாம். மே மாதத்தில் தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் ஏறுபவர் முகத்தில் வழிவதற்கு வெயில்தான் காரணம், சங்கடம் அல்ல. இருந்தும் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் தமிழ் பேசும் ஜப்பானியக் கார்ட்டூன்களான ஷின்சானையும் டோரேமானையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் துளி குழப்பம் தருவதில்லை. டப்பிங் குரல் குழைகிறது, துளி தொங்குகிறது. நூறு முறை பார்த்தபின் குரலை அணைத்தாலும் பொருள் நிற்கிறது. அம்மாவிடம் குட்டு வாங்கிய ஷின்சான் தலையில் எழும் புடைப்புக்கு மட்டும் நம் வீடுகளில் தனிப்பாடம் தேவைப்பட்டிருக்காது!

நம்மிடமும் காமிக்ஸ் இருந்ததே என்பது அடுத்த ஆட்சேபம். 1972இல் சிவகாசியிலிருந்து கிளம்பிய முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயனும் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஐரோப்பியக் கதைகளையே தமிழாக்கின. அடிபட்டவன் தலையைச் சுற்றும் நட்சத்திரங்களும் அப்படி வந்த இரவல் எழுத்துதான். 1952 முதல் அம்புலிமாமாவுக்கு வரைந்த சங்கரின் விக்கிரமன், தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கிறான். அவன் மனநிலைக்குத் தனிக் குறி ஏதுமில்லை; புருவமும் நடையும் சொல்லிவிடுகின்றன. கூத்துப் பார்த்த கண்ணுக்கு அது போதும், அதுவும் பழக்கம்தான் என்றாலும். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்ற கே.சி.எஸ். பணிக்கரோ ‘சொற்களும் குறிகளும்’ ஓவிய வரிசையில், எழுத்துபோலத் தோன்றி வாசிப்புக்குப் பிடிகொடுக்காத கிறுக்கல்களை நிரப்பினார். அங்கே அகராதி இல்லாததே அழகு. மாங்காக் குறி நேர் எதிர். அகராதி போனால் அது வெறும் கோடு.

குறிகள் தாமாகப் புரிவதில்லை என்பதற்கு வலுவான சான்று கைப்பேசியில் கிடக்கிறது. கோபக் குறியும் சளிக்குமிழ் முகமும் 2010இல் எமோஜிகளாக யூனிகோடில் ஏறின. அந்தக் குமிழைக் கண்ணீர் என்றெண்ணி, தூங்கும் முகத்தை இரங்கல் செய்திக்குப் போடுபவர்கள் ஏராளம். படம் பொடியாகிவிட்டதால் வந்த குழப்பம் என்பார்கள், பாதி உண்மை. ஆனால் குமிழ் கண்ணருகே இல்லை, மூக்கருகே இருக்கிறது. அந்த இடத்துக்குப் பொருள் உண்டென்று அறியாத கண், தனக்குத் தெரிந்த கண்ணீரை அங்கே வைத்துப் பார்க்கிறது.