வாதியும் சாட்சியும்: 'ஹே ராம்' திரைப்படம் குறித்து

கமல் ஹாசன் எழுதி, இயக்கி, நடித்த 'ஹே ராம்' 2000 பிப்ரவரி 18 அன்று தமிழிலும் இந்தியிலும் வெளிவந்தது. காந்தியடிகளின் கொலையை மையமாகக் கொண்ட இப்படத்தில் நஸீருத்தீன் ஷா, ஷாரூக் கான், ஹேமா மாலினி, ராணி முகர்ஜி, அதுல் குல்கர்னி, ஓம் பூரி, கிரீஷ் கர்னாட், நாசர் எனப் புகழ்பெற்ற நடிகர்களின் பெருந்திரளே உண்டு. கால் நூற்றாண்டு கடந்த பின்னரும், சேலம் நாமக்கல் வட்டாரத்து அரபுக் கல்லூரி மாணவர்கள் இதைக் குறித்து எம்மிடம் எழுப்பும் வினா ஒன்றே: இப்படம் முஸ்லிம்களுக்கு ஆதரவானதா, எதிரானதா? வினா பிழையானதன்று, ஆயின் போதுமானதன்று. இப்படத்தில் பேசுபவர் யார், எந்தத் தகுதியில் பேசுகிறார் என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

நம் ஃபிக்ஹுச் சட்ட நூல்கள் முறையீட்டையும் சாட்சியத்தையும் தெளிவாகப் பிரித்து வைத்துள்ளன. வழக்குக் கொணர்ந்தவர் எத்துணை உண்மையாளராயினும், அவர் கூறுவது முறையீடே. தமக்குத் தாமே அவர் சாட்சியாக இயலாது. பகைமை கொண்டவர் தம் பகைவருக்கு எதிராகக் கூறும் சாட்சியத்தையும் ஷாஃபிஈ அறிஞர்கள் ஏற்பதில்லை. இந்த அளவுகோல் கலைப்படைப்பைத் தடைசெய்வதற்கு அன்று. அதைச் சரியாகக் கேட்பதற்குத் துணைபுரிவது.

படத்தின் நாயகன் சாகேத் ராம் ஒரு தொல்லியல் ஆய்வாளன். 1946 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் மூண்ட கலவரத்தில் அவன் மனைவி அபர்ணா மானபங்கப்படுத்தப்பட்டுக் கொல்லப்படுகிறாள். கொடியோருள் ஒருவன் அறிமுகமான தையற்காரன் அல்தாஃப். அக்கலவரத்தில் இரு சமூகத்தாரும் பெருந்தொகையினராக மாண்டது வரலாறு. ஆனால் திரையில் நம் நெஞ்சைப் பிளப்பது அபர்ணாவின் ஓலமே. ராமின் கையால் மடியும் மற்ற முஸ்லிம்களுக்கோ பெயரும் இல்லை, வீடும் இல்லை. காரணம், வாதியின் கண்கள் வழியாகவே நாம் காண்கிறோம். முறையீடு பொய்யன்று, அது முழுமையானதன்று.

இங்கே ஒரு நுட்பமான இடர் உண்டு. துயரத்தால் மதியிழந்தவனையே கொலையாளியாக முன்னிறுத்தும்போது, காந்தியடிகளின் கொலை பழிக்குப் பழி போன்ற தோற்றம் பெறுகிறது. உண்மை நிலை வேறு. 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடித்த மதன்லால் பாஹ்வா மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதி என்பது மெய். ஆயின் ஜனவரி 30 அன்று சுட்ட நாதுராம் கோட்சே புனேயில் இதழ் நடத்தியவர்; நாராயண் ஆப்தே அதன் பங்காளர். இவ்விருவரும் பிரிவினையில் மனைவியையோ வீட்டையோ இழந்தவர்கள் அல்லர். அவர்களை இயக்கியது துயரமன்று, கொள்கை. படமும் இதை அறியாததன்று. துயருற்ற ராமிடம் கொள்கையைக் கொண்டு வந்து சேர்ப்பவன் ஸ்ரீராம் அப்யங்கர். கண்ணீரைத் துப்பாக்கியாக மாற்றும் அந்த வினையை அதுல் குல்கர்னி நடிப்பில் காட்டிய இடமே படத்தின் மிக நேர்மையான பகுதி எனலாம்.

டில்லியில், துப்பாக்கியைத் தேடிச் சோடாத் தொழிற்சாலைக்கு வரும் ராம் தன் பழைய நண்பன் அம்ஜத்தைச் சந்திக்கிறான். அங்கு மூளும் மோதலில் அம்ஜத் குண்டடிபட்டு மரணப் படுக்கையில் கிடக்கிறான். விசாரிக்கும் காவலரிடம் அவன் ராமைக் காட்டிக்கொடுக்கவில்லை. சகோதரன் என்றே கூறுகிறான். சாட்சி சொல்லும் முழுத் தகுதி பெற்ற ஒரே மனிதன் மன்னிப்பைத் தேர்ந்துகொள்கிறான். ராம் மனம் மாறுவதற்கு அதுவே காரணம். காட்சி உருக்கமானது. எனினும் நாம் கேட்க வேண்டும்: நல்ல முஸ்லிம் என்று பெயரெடுக்க ஒருவன் உயிரையே தர வேண்டுமா?

இதற்கு விடையைப் படமே ஓரத்தில் வைத்திருக்கிறது. 1999 டிசம்பர் 6 அன்று சென்னையில் முதியவர் சாகேத் ராம் உயிர் பிரியும் வேளையில், வெளியே கலவரம். அருகில் மருத்துவர் முனவ்வர். காவல் அதிகாரி இப்ராஹீம். இருவரும் எதையும் மெய்ப்பிக்க முயலவில்லை. தத்தம் கடமையைச் செய்கின்றனர். கறுப்பு வெள்ளையில் வந்துபோகும் இவ்விருவரையே, தியாகி அம்ஜத்தைவிட உண்மைக்கு அருகிலுள்ளவர்களாக நாம் கருதுகிறோம்.

படத்தைப் பார்த்தோர் அருகில் வைத்து எண்ண வேண்டிய வரலாறும் ஒன்று உண்டு. 1948 ஜனவரி 13 அன்று காந்தியடிகள் தொடங்கிய உண்ணாநோன்பை முடிப்பதற்கு வைத்த நிபந்தனைகளுள், மெஹ்ரௌலியில் காஜா குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் தர்காவில் உருஸ் தடையின்றி நடைபெற வேண்டும் என்பதும் ஒன்று. ஜனவரி 27 அன்று அவர் அங்கு நேரில் சென்றார். மூன்று நாள் கழித்துச் சுடப்பட்டார். அன்று மாலை வானொலி, கொன்றவர் ஓர் இந்து என்பதைக் கவனமாக அறிவித்தது. வதந்தி பரவியிருந்தால் எத்தனை முஸ்லிம் தெருக்கள் எரிந்திருக்கும் என்பதை ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம் நம் சமவெளியில்தான் உள்ளது. காந்தியடிகள் நமக்கு அயலார் அல்லர். அவர் கொலை குறித்த வழக்கில் நாமும் வெறும் பார்வையாளர் அல்லர். வாதியின் கண்ணீரை இகழாமல் கேட்போம். அதையே தீர்ப்பாக ஏற்காமலும் இருப்போம். 'ஹே ராம்' அத்தகைய கவனமான பார்வைக்குத் தகுதியுடைய படம். நம் மாணவர்கள் அதை அஞ்சியும் பார்க்க வேண்டியதில்லை. புளகாங்கிதம் கொண்டும் பார்க்க வேண்டியதில்லை.