கேம்பிரிட்ஜின் கெனிசா ஏடுகளும் செமித்தியப் புலமையும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எபிரேய மொழிக்கான பேராசிரியர் பதவியை எட்டாம் ஹென்றி 1540இல் நிறுவினார். அரபுக்கான பதவி 1632இல் தாமஸ் ஆடம்ஸ் என்னும் லண்டன் துணி வணிகரின் கொடையால் வந்தது. அதே ஆண்டில் டச்சு அறிஞர் எர்பேனியஸ் திரட்டிய கீழைநாட்டுச் சுவடிகளும் நூலகத்தில் சேர்ந்தன. கிளாடியஸ் புக்கானன் 1806இல் மலபார் சென்று, அங்கிருந்த சிரியக் கிறிஸ்தவர்களிடம் பெற்ற சுவடிகளும் பிற்பாடு அங்கேதான் போயின.

இவற்றுக்கெல்லாம் மேலான புதையல் கெய்ரோவிலிருந்து வந்தது. இறைவனின் பெயர் எழுதிய தாளை அழிக்கலாகாது என்பது யூத மரபு. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அத்தகைய தாள்களைப் போட்டுவைத்த அறையே கெனிசா. 1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் எகிப்துப் பயணத்தில் வாங்கிவந்த ஏடுகளை கேம்பிரிட்ஜின் எபிரேய அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினர். இருவரும் சிரியாக் மொழியில் தேர்ந்தவர்கள்; கேம்பிரிட்ஜோ அப்போது பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை. அந்த ஏடுகளில் ஒன்று பென் சீராவின் நீதிநூல். மொழிபெயர்ப்புகளில் மட்டுமே நிலைத்திருந்த அதன் எபிரேய மூலம் ஷெக்டரின் கையில் இருந்தது. கேம்பிரிட்ஜ் கல்லூரித் தலைவர் சார்லஸ் டெய்லர் பணம் கொடுக்க, ஷெக்டர் அந்தக் குளிர்காலத்திலேயே கெய்ரோ சென்று அறையைக் காலி செய்து கொண்டுவந்தார். டெய்லர்-ஷெக்டர் தொகுப்பில் இன்று ஏறத்தாழ 1,93,000 துணுக்குகள் உள்ளன.

ஷெக்டர் தேடியது நூல்களை. கணக்குச் சீட்டும் கடிதமும் அவருக்குப் பொருட்டில்லை. மதிப்புக் குறைந்தவை என ஒதுக்கிய ஏராளமான தாள்கள் பெட்டிகளிலேயே கிடந்தன. 1950களில் வரலாற்றாளர் எஸ். டி. கோய்ட்டீன் கெனிசாக் கடிதங்களில் மூழ்கிய பிறகுதான் ஒதுக்கப்பட்டவற்றின் அருமை புலப்பட்டது. அவை பெரும்பாலும் யூத-அரபு: எழுத்து எபிரேயம், மொழி அரபு. எபிரேயம் மட்டும் கற்றவருக்கும் அரபு மட்டும் கற்றவருக்கும் அவை பிடிபடாதது இயல்பே.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய துனிசிய யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜூவின் தாள்கள் ஒதுக்கப்பட்டவற்றின் அருமைக்கு நல்ல சான்று. ஏடனிலிருந்து கூட்டாளிகள் உடைந்த செம்புப் பாத்திரங்களை அனுப்பி, புதிதாக வார்த்துத் தரக் கேட்டார்கள். கூடவே காகிதமும் அனுப்பினார்கள். மங்களூரில் அது கிடைப்பது அரிது. ஆகவே பென் யிஜூ வந்த கடிதங்களின் வெற்றிடத்தையும் வீணாக்காமல் கணக்கெழுதினார். கோய்ட்டீன் இத்தகைய இந்திய வணிகம் பற்றிய ஆய்வில் தொடங்கி, ஆறு தொகுதிகள் கொண்ட மத்தியதரைக்கடல் சமூக வரலாற்றுக்குப் போய்விட்டார். இந்திய வணிகம் பற்றிய அவரது நூல் அவர் மறைந்து 23 ஆண்டுகள் கழித்து, 2008இல்தான், அறிஞர் மொர்தகாய் ஃபிரீட்மனின் முயற்சியால் வெளிவந்தது.

முறையான பட்டியலாக்கம் 1974இல் ஸ்டெஃபன் ரைஃப் தொடங்கிய கெனிசா ஆய்வுப் பிரிவோடு வேகம் பெற்றது. அப்போதும் பலரின் கண் எபிரேயப் பக்கத்திலேயே இருந்தது. பல துணுக்குகளில் எபிரேய வரிகளுக்கு இடையிலும் மறுபக்கத்திலும் அகன்ற இடைவெளியுடன் அரபு வரிகள் ஓடும். அவை அன்று எகிப்தை ஆண்ட ஃபாத்திமியரின் அரசாணைகள். பழங்காகிதமாக வெளியேறி, வெட்டப்பட்டு, மறுபடி எழுதப் பயன்பட்டவை. அந்த வரிகளைக் கொண்டு ஓர் அரசு ஆவணங்களை எழுதிய முறையையும் கழித்த முறையையும் வரலாற்றாளர் மரீனா ரஸ்டோ 2020இல் ஒரு நூலாகவே எழுதினார்.