சஞ்சீவனி ஆட்டம்

2011இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’தான் வீடியோ கேமில் சாவுக்கு மதிப்பைக் கொடுத்தது, அதற்கு முன்பு செத்ததெல்லாம் கணக்கில் வராது என்று ஒரு பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. திருநெல்வேலிச் சீமையில் கபடி பார்த்து வளர்ந்தவர்கள் இதை ஏற்கவே முடியாது. மணத்தி கணேசனை அர்ஜுனா விருது வரை கொண்டுபோன அந்த ஆட்டம், தோற்றவனை என்ன செய்வது என்ற கேள்வியை எப்போதோ மூன்று விதமாகக் கேட்டுவிட்டது.

பழைய கபடியில் அமர், காமினி, சஞ்சீவனி என்று மூன்று வகை. அமரில் அவுட்டானவர் களத்தை விட்டுப் போவதில்லை. எதிரணிக்குப் புள்ளி ஏறும், அவ்வளவுதான். காமினியில் வெளியே போனவர், தன் அணி மொத்தமும் விழும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். சஞ்சீவனியில் நம் ஆள் எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால் நம்மவர் ஒருவர் எழுந்து வருவார். முதலில் போனவர் முதலில். இன்றைய போட்டி விதிகள் இதன் வழி வந்தவை. போனஸ் கோட்டில் கால் வைத்து வாங்கும் புள்ளிக்கு யாரும் எழுந்து வர முடியாது.

வீடியோ கேம்களும் இந்த மூன்றுக்குள்தான் சுற்றி வந்திருக்கின்றன. 1978இன் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ மூன்று உயிர் கொடுத்தது. தீர்ந்தால் இன்னொரு காசு. 1980இன் ‘ரோக்’ ஈவிரக்கமற்ற காமினி: செத்தால் எல்லாம் முதலிலிருந்து. 2003இன் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வில் குறுவாள் காலத்தையே பின்னால் இழுத்து விழுந்தவனை மேலே நிறுத்தியது. அழகான அமர்.

‘டார்க் சோல்ஸ்’ பெரிய படைப்பு, சந்தேகமில்லை. செத்த இடத்தில் நம் சேமிப்பு கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அதுவும் போச்சு. அந்த நடையில் இருக்கும் பயம் அசல். ஆனால் அதைக் கொண்டாடுகிறவர்கள் தனியாளின் வீம்பை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஆட்டக்காரர்கள் செத்த இடங்களில் கிடக்கும் ரத்தக்கறையைத் தொட்டால் அவர்களின் கடைசி நொடிகள் தெரியும். அந்த எச்சரிக்கைதான் அதன் உச்சம் என்பேன்.

2017இன் ‘நியர்: ஆட்டோமேட்டா’ அதைத் தாண்டிப் போனது. கடைசியில் ஆக்கியோர் பெயர்ப் பட்டியலே எதிரியாகி நம்மைச் சுடுகிறது. தனியாக ஜெயிப்பது ஏறத்தாழ நடக்காத காரியம். திரும்பத் திரும்ப விழுந்த பிறகு முகம் தெரியாதவர்களின் கலங்கள் நம்மைச் சூழ்ந்து அடி வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் மொத்த ஆட்டத்தையும் அழிக்கச் சம்மதித்த ஒருவருடையது. ஜெயித்ததும் கேள்வி வருகிறது: யாரோ ஒருவருக்காக உன்னுடையதையும் அழிக்கலாமா?

2020இல் தடைசெய்யப்படும்வரை நம் பையன்கள் ஆடித் தீர்த்த பப்ஜியிலும் இந்தச் சரக்கு இருந்தது. “நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணுல” என்ற குரலுக்கு, சுடுபட வாய்ப்பிருந்தும் ஒருவன் துப்பாக்கியை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்வான். அதை வெறும் போதை என்று ஒதுக்கியவர்கள் இதைப் பார்க்கவேயில்லை.

அதே 2020இல் புனேயிலிருந்து வந்த ‘ராஜி’யில் துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக்கொண்டே கூட வருகிறார்கள், ராஜி செத்தால் மட்டும் பழைய இடத்திலிருந்து தனியாகத் தொடங்க வேண்டும். கபடி பிறந்த நாட்டில் ஆட்டம் செய்கிறவர்கள் இனி எடுத்துப் பார்க்க வேண்டியது சஞ்சீவனி விதியை.