தூதரும் துபாஷியும்: பதவிப் பட்டியல் காட்டாத சொல்லதிகாரம் (விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து, 1750–1771)

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியத் தூதுப்பணியின் வரலாறு பதவிப்பெயர், அதனை வகித்தவர், ஆண்டு என்னும் மூன்று நிரல்களில் அடக்கிக் காட்டப்படுவது வழக்கம். அனுப்பப்பட்டவர் யார் என்பதை அந்நிரல்கள் தெரிவிக்கின்றன. அவையில் ஒலித்த சொல் யாருடையது என்பதைத் தெரிவிப்பதில்லை. திருக்குறளின் தூது அதிகாரத்திற்குப் பரிமேலழகர் வகுத்த பாகுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, 1750இல் வழுதாவூர்ப் பாசறையிலும் 1770இல் ஆர்க்காட்டு நவாபிடமும் நடந்த இரு தூதுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பதவியின் உயரமும் சொல்லின் அதிகாரமும் ஒன்றல்ல என்பதும், துபாஷியைத் தூதுவரலாற்றின் உறுப்பாகக் கொள்ளாத வாசிப்பு குறையுடையது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: தூது, துபாஷி, பரிமேலழகர், ராபர்ட் ஓர்ம், ஆனந்தரங்கப் பிள்ளை, செஞ்சி, வழுதாவூர்

முன்னுரை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு, போர்களின் வழியாகவே நினைவுகூரப்படுகிறது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை செஞ்சிக்கோட்டையைக் கைப்பற்றியது. 1761இல் அக்கோட்டை ஆங்கிலேயர் வசமானது. 2025இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றதும் மராத்தியரின் படைத்துறை நிலப்பரப்புகளுள் ஒன்று என்னும் தகுதியால்தான். ஆனால் இந்நிலத்தில் நடந்த ஒவ்வொரு போருக்கும் முன்னும் பின்னும் பேச்சு நடந்தது. ஓலைகள் வந்தன, வக்கீல்கள் காத்திருந்தனர், துபாஷிகள் மொழிபெயர்த்தனர். போரின் வரலாறு எழுதப்பட்ட அளவிற்குப் பேச்சின் வரலாறு எழுதப்படவில்லை. எழுதப்பட்ட இடங்களிலும் அது ஐரோப்பியப் பதவியாளர்களின் வரிசையாகவே சுருங்கிவிடுகிறது. அச்சுருக்கத்தினால் இழக்கப்படுவது யாது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இரு பாகுபாடுகள்

ஐரோப்பிய அரசுகள் தூதர்களின் தரவரிசையை 1815ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் வரையறுத்தன. முதல் வகுப்பினர் மன்னரின் நேர்ப்பிரதிநிதிகளான தூதர்கள். இரண்டாம் வகுப்பினர் மன்னரிடம் அனுப்பப்படும் அமைச்சர்நிலைப் பிரதிநிதிகள். மூன்றாம் வகுப்பினர் வெளியுறவு அமைச்சரிடம் அனுப்பப்படும் பொறுப்பாளர்கள். 1818இல் உறைவிட அமைச்சர் என்னும் இன்னொரு வகுப்பு இடையில் சேர்க்கப்பட்டது. இப்பாகுபாட்டின் அடிப்படை மதிப்பு. யாருடைய பெயரால், யாரிடம் அனுப்பப்படுகிறார் என்பதைக் கொண்டே ஒருவரின் தரம் முடிவு செய்யப்படுகிறது.

தமிழ் உரைமரபில் காணப்படும் பாகுபாடு வேறு அடிப்படையிலானது. தூது அதிகாரத்தின் தொடக்கத்தில் பரிமேலழகர் தூதனைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இரண்டாகப் பிரிக்கிறார். முன்னவன் அமைச்சனுக்கு நிகரானவன்; பின்னவன் அவனினும் காற்பங்கு குணம் குறைந்தவன் என்பது வடநூலார் கருத்தென்றும் சுட்டுகிறார். இக்கருத்தை அர்த்தசாஸ்திரத்தின் முதல் அதிகரணத்தில் காணலாம். அங்கு ஓலை கொண்டு செல்வோன் என்னும் மூன்றாம் வகையும் உண்டு. பத்துக் குறள்களுள் முதல் இரண்டு இருவர்க்கும் பொது, அடுத்த ஐந்து வகுத்துக் கூறுவானுக்கு உரியவை, இறுதி மூன்று கூறியது கூறுவானுக்கு உரியவை என்பது உரையாசிரியரின் பகுப்பு.

இங்கு அளவுகோல் மதிப்பன்று. சொல்லின்மீது தூதனுக்குள்ள உரிமை. அவையின் நிலைகண்டு சொல்லை மாற்றும் உரிமை உடையவனா, இல்லாதவனா என்பதே வினா. பதவிப்பெயர்கள் காலந்தோறும் மாறுபவை. பேராளர், ரெசிடெண்ட், ஹைகமிஷனர் எனப் பிரித்தானியப் பணியிலேயே பல பெயர்கள் வழங்கின. சொல்லுரிமை பற்றிய வினாவோ எல்லாக் காலத்திற்கும் பொருந்தும். ஆதலால் அதனையே இக்கட்டுரை அளவுகோலாகக் கொள்கிறது.

வழுதாவூர்ப் பாசறை, 1750

தக்காணத்தின் அதிகாரத்திற்காக முசாபர் ஜங்குடன் போரிட்ட நாசிர் ஜங், 1750இன் தொடக்கத்தில் பெரும்படையுடன் வந்து இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த வழுதாவூர் அருகே பாசறை அமைத்தார். மார்ச்சில் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் ஆங்கிலப் படையுடன் அங்குச் சென்றார். அவருடன் கம்பெனிக் கவுன்சில் உறுப்பினர் வெஸ்ட்காட்டும் கேப்டன் டால்டனும் நாசிர் ஜங்கிடம் பேச்சு நடத்தும் அதிகாரம் பெற்றிருந்தனர். பதவிப் பட்டியல் காட்டும் பெயர்கள் இம்மூன்றே.

ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிட்ட வரலாற்றின் முதற்பகுதி இத்தூதைப் பற்றி ஒரு செய்தியைத் தருகிறது. நாசிர் ஜங்கின் அமைச்சர்களும் பட்டாணிய நவாப்கள் சிலரும் சதி செய்கின்றனர் என்னும் குறிப்பு லாரன்சுக்குக் கிட்டியது. நேர்காணல் ஒன்றில் அதனை நாசிர் ஜங்கிற்கு அறிவிக்க அவர் முயன்றார். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு அதனைச் சொல்லத் துணிவு வரவில்லை. சொன்னால் உயிர் போகும் நிலை. எனவே தமக்கு இடப்பட்ட சொல்லைத் திரித்துச் சொன்னார். லாரன்ஸ் மீண்டும் சந்திக்க முயன்றும் அமைச்சர்கள் இடந்தரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே சதிகாரர்களுள் ஒருவரான கடப்பை நவாபால் நாசிர் ஜங் கொல்லப்பட்டார்.

பரிமேலழகரின் பாகுபாட்டில் இந்நிகழ்ச்சியை வைத்துப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். வகுத்துக் கூறும் அதிகாரம் லாரன்சுக்கு இருந்தது. வகுத்துக் கூறும் மொழி அவருக்கு இல்லை. மொழிபெயர்ப்பாளர் கூறியது கூற வேண்டியவர். நடைமுறையிலோ அவரே வகுத்துக் கூறினார். தன் உயிருக்கு இறுதி வந்தாலும் அஞ்சாது தன் அரசனுக்கு நன்மை தேடுவதே தூது என்பது அதிகாரத்தின் கடைசிக் குறளின் கருத்து. அவ்வறம் அரசனின் நம்பிக்கைக்கும் சிறப்புக்கும் உரிய தூதனுக்கு விதிக்கப்பட்டது. தூதன் என்னும் பெயரும் தூதனுக்குரிய காப்பும் இல்லாத கூலிமொழியாளரிடம் அவ்வறத்தை எதிர்பார்க்க இயலுமா? தூதனைக் கொல்லலாகாது என்னும் மரபு லாரன்சைக் காத்திருக்கும். மொழிபெயர்ப்பாளரைக் காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பிரெஞ்சுத் தரப்பின் தூது இதனோடு ஒப்பிடத்தக்கது. துய்ப்ளே அதே பாசறைக்குத் தியு பொசே, தெலார்ஷ் என்னும் இருவரை அனுப்பினார். அவர்களுள் ஒருவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் நன்கறிந்தவர் என்று ஓர்ம் குறிக்கிறார். அரண்மனைப் பேச்சு அம்மொழிகளிலேயே நடந்தது. அதிருப்தியுற்ற பட்டாணிய நவாப்களோடு பிரெஞ்சுத் தரப்புக்குத் தொடர்பு ஏற்பட்டது இத்தூதின்போதுதான். ஒரே பாசறையில், ஒரே பருவத்தில் நடந்த இரு தூதுகளின் பயன் இவ்வளவு வேறுபட்டமைக்குத் தூதர்களின் பதவியுயரம் காரணமன்று. ஒரு தரப்பில் அதிகாரமும் மொழியும் ஒருங்கே இருந்தன; மறு தரப்பில் அவை இருவரிடம் பிரிந்து கிடந்தன.

ஓர்மின் சான்றும் அதன் எல்லையும்

எனினும் ஓர்மின் செய்தியை அவ்வாறே ஏற்பதும் பொருந்தாது. ஓர்ம் கம்பெனியின் பணியாளர். 1754 முதல் 1758 வரை சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர். ஆங்கிலத் தூதின் தோல்விக்கு மொழிபெயர்ப்பாளரின் அச்சத்தைக் காரணமாக்கும்போது, அத்தூதர்களின் ஆயத்தமின்மை மறைந்துவிடுகிறது. சதி பற்றிய பேச்சு போன்ற இடர்மிக்க சொல்லை, அதற்குப் பொறுப்பேற்க இயலாத ஒருவர் வாயிலாக அனுப்பியது யார் பிழை என்னும் வினாவை ஓர்ம் எழுப்பவில்லை.

இங்கு ஆவணங்களின் பொதுப் போக்கு ஒன்றும் வெளிப்படுகிறது. உடன்பாடு எட்டப்படும்போது மொழிபெயர்ப்பாளர் ஏட்டில் தோன்றுவதில்லை. உடன்பாடு தவறும்போது தோன்றுகிறார். தோன்றும்போதும் பெயரின்றியே தோன்றுகிறார். லாரன்சின் சொல்லைத் திரித்தவரின் பெயரை ஓர்ம் தரவில்லை.

இதற்கு மாற்றான சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை விரியும் அக்குறிப்பின் ஆசிரியர், கனகராய முதலி 1746இல் இறந்தபின் ஏற்பட்ட போட்டியைக் கடந்து தலைமைத் துபாஷியானவர். வந்த ஓலையின் செய்தி, அதனைக் கேட்ட துய்ப்ளேயின் மறுமொழி, தாம் எடுத்துரைத்த யோசனை ஆகியவற்றை அவர் நாள்தோறும் பதிவு செய்கிறார். ஓர்மின் நூலில் பெயரற்று நிற்கும் பணி இங்குத் தன்மையிடத்தில் பேசுகிறது. கூறியது கூறுவானாக அமர்த்தப்பட்ட ஒருவர் வகுத்துக் கூறுவானாகச் செயற்பட்டமைக்கு இந்நூலே விரிவான தமிழ்ச் சான்று.

ஆயினும் இதுவும் ஐயத்துடன் வாசிக்கத்தக்கதே. தம் யோசனையின் சிறப்பையும் போட்டியாளரின் குறையையும் பிள்ளை தொடர்ந்து எழுதுகிறார். ஓர்ம் தோல்வியைத் துபாஷியின்மேல் ஏற்றுகிறார். பிள்ளை வெற்றியைத் துபாஷிக்கு உரியதாக்குகிறார். இரண்டையும் எதிரெதிர் வைத்து வாசிக்கும்போதே பணியின் உண்மையளவு புலப்படும். இந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்து நிறைவுற்றது. தமிழ்மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். நீண்டகாலம் ஆய்வாளர்கள் இந்நூலை மொழிபெயர்ப்பு வழியாகவே கையாள நேர்ந்தது. துபாஷியின் சொல்லே இன்னொரு துபாஷியத்தின் வழியாக நமக்கு வந்தது எனலாம்.

மொழியறிவும் பதவியுயர்வும்

1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினத்தில் கூடிப் பேசினர். ஆங்கிலத் தரப்பில் ராபர்ட் பாக்கும் ஹென்றி வான்சிட்டார்ட்டும் சென்றனர். வான்சிட்டார்ட் பாரசீகம் பயின்றவர். முகம்மது அலியின் நவாப் உரிமை, பிரெஞ்சுத் தரப்பு காட்டிய சன்னதுகளின் செல்லுபடி ஆகியவற்றில் இணக்கம் ஏற்படாமல் பேச்சு முறிந்தது. அத்தோல்வி தூதர்களின் உயர்வைத் தடுக்கவில்லை. வான்சிட்டார்ட் 1760இல் வங்காள ஆளுநரானார். பாக் 1763இல் சென்னை ஆளுநரானார்.

மொழியறிவு ஐரோப்பியருக்குப் பதவிப்படியாக அமைந்தது. அதே அறிவு உள்நாட்டாருக்குத் துபாஷி என்னும் எல்லையோடு நின்றது. பிள்ளைக்கு மன்சப் சிறப்பு கிடைத்தது. அதனை அளித்தவர் முசாபர் ஜங். பிரெஞ்சுக் கவுன்சிலில் அவருக்கு இருக்கை இருந்ததில்லை. துபாஷியின் பெயர் பட்டியலில் இல்லாமை அவர் செய்த பணியின் அளவால் நேர்ந்ததன்று. பட்டியலை எழுதிய அமைப்பு அவருக்கு இடம் வைக்காததால் நேர்ந்தது.

அரசரின் பேராளர், 1770

இதற்கு நேர்மாறான நிலையை இருபதாண்டு கழித்துக் காண்கிறோம். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின் பதினோராம் பிரிவு முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாக ஏற்றது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரமும் அவர் ஆட்சியில் அடங்கியது. இவ்வேற்பைத் துணையாகக் கொண்டு, கம்பெனியைத் தாண்டி மூன்றாம் ஜார்ஜ் மன்னருடன் நேரடித் தொடர்பு கொள்ள நவாப் விரும்பினார். 1770இல் சர் ஜான் லிண்ட்சே சென்னைக்கு வந்தார். வெளிப்பட அவர் கடற்படைத் தலைவர். கம்பெனிக்குத் தெரியாமல் வழங்கப்பட்ட ஆணையின்படி நவாபிடம் அனுப்பப்பட்ட அரசரின் முழு அதிகாரப் பேராளர்.

பதவிமுறையில் இதனினும் உயர்ந்த நிலை இல்லை. ஆனால் சென்னைக் கவுன்சில் அவருக்கு ஒத்துழைக்க மறுத்தது. படையும் நவாபின் கடன்களும் கம்பெனியின் பிடியில் இருந்தன. நவாபுக்கு ஆதரவாக லிண்ட்சே எதனைச் சொன்னாலும் அதனை நிறைவேற்றும் கருவி அவர் கையில் இல்லை. 1771இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டு, சர் ராபர்ட் ஹார்லண்டு அவரிடத்திற்கு வந்தார். அடிப்படை நிலை மாறவில்லை. 1801இல் கர்நாடகம் கம்பெனியின் நேராட்சிக்குள் சென்றபோது, தூது அனுப்பத்தக்க அரசே அங்கு இல்லாமற் போயிற்று.

வழுதாவூரின் மொழிபெயர்ப்பாளருக்குப் பதவி இல்லை. அவர் சொல் விளைவை உண்டாக்கியது. லிண்ட்சேக்கு உச்சப் பதவி இருந்தது. அவர் சொல்லுக்கு விளைவில்லை. பதவிப்பெயரை மட்டும் தரும் வரலாறு பின்னவரை முழுமையாகவும் முன்னவரை வெறுமையாகவும் காட்டும்.

இன்றைய கலைச்சொற்கள்

இச்சிக்கல் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திலும் தொடர்கிறது. காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அனுப்பும் தலைமைப் பேராளர் ஹைகமிஷனர். பிற நாடுகளிடையே அவர் அம்பாசிடர். சென்னை ஆளுநராக இருந்த சர் ஆர்ச்சிபால்டு நை 1948இல் இந்தியாவுக்கான பிரித்தானிய ஹைகமிஷனரானார். ஆட்சியாளரே பேராளராக மாறிய அம்மாற்றத்தைத் தூதர் என்னும் ஒரே சொல் உணர்த்துவதில்லை. நாளிதழ்களில் அமெரிக்கக் கான்சல் அலுவலகமும் பிரித்தானிய டெபுடி ஹைகமிஷனும் துணைத்தூதரகம் என்றே வழங்குகின்றன. முன்னது கான்சல் பணிமரபில் வந்தது. பின்னது ஹைகமிஷனின் கிளை. தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான், ஓலை கொண்டு செல்வோன் என நுட்பமாகப் பிரித்தறிந்த மொழிக்கு இவ்வேறுபாடுகளைப் பெயரிடும் ஆற்றல் குறைவன்று. வகைப்படுத்திப் பெயரிடும் முயற்சியே வேண்டப்படுகிறது.

முடிவுரை

பதவிப் பட்டியல் பயனற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. யார், எப்போது, எப்பெயரில் பணியாற்றினார் என்பதற்கு அதுவே தொடக்கச் சான்று. அதனுடன் இரு நிரல்கள் சேர்க்கப்பட வேண்டும்: பேச்சு எம்மொழியில் நடந்தது, அம்மொழியில் வாய்திறந்தவர் யார். இவ்விரு வினாக்களுக்கும் விடைதரும் சான்றுகள் தமிழகக் கடற்கரையைப் பொறுத்தவரை தமிழில் உள்ளன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அவற்றுள் முதன்மையானது. செஞ்சியின் மதில்களை அளந்த ஆய்வு, வழுதாவூரின் பாசறையில் திரிந்த ஒரு சொல்லையும் அளந்தாக வேண்டும். அச்சொல்லைச் சொன்னவரின் பெயர் கிட்டாமற்போகலாம்; அவர் நின்ற இடத்தை வரலாற்றில் குறித்தல் இயலும்.