பிளசர்: தொட்டவர்களும் உடையவர்களும்

அமெரிக்கப் பெருங்கார்களைப் பற்றிய ஞாபக எழுத்து என்று ஒரு வகை உருவாகிவிட்டது. எழுபதுகளின் காடிலாக், லிங்கன் காண்டினென்டல், பியூக் எலெக்ட்ரா இவற்றை வைத்திருந்தவர்களும் அவர்களது பிள்ளைகளும் எழுதுவது. கதவைச் சாத்தும்போது எழும் கனத்த சத்தம், படகில் போவது மாதிரியான மிதப்பு, குடித்துத் தீர்த்த பெட்ரோல் என்று ஒரே பல்லவி. இதற்குத் தமிழில் ஒரு பங்காளி உண்டு. 'எங்க தாத்தா பிளசர் வச்சிருந்தாரு' என்று ஆரம்பிப்பது. கம்பம் பள்ளத்தாக்கில் இதைக் கேட்காத திண்ணை குறைவு. இரண்டிலும் நினைவுகூரும் உரிமை உடைமையிலிருந்தே பெறப்படுகிறது. வைத்திருந்தவனுக்கு நினைவு உண்டு. வைத்திராதவனுக்கு வேடிக்கை பார்த்த அனுபவம் மட்டுமே உண்டு என்பது இவ்வெழுத்தின் சொல்லப்படாத விதி. இந்த விதி எங்கே உடைகிறது என்பதுதான் என் பிரச்னை.

முதலில் அமெரிக்கப் பிரதி. 1970லிருந்து 1976வரை காடிலாக் எல்டொராடோவின் எஞ்சின் 500 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர். அதே காலத்தில் நம் சாலைகளில் ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு முக்கிய லேலண்ட் பஸ்ஸின் எஞ்சின் 370 கன அங்குலம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1977 மாடலிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களைக் குறுக்கிவிட்டது. இடையில் ஒரு வேடிக்கை. 1976ன் எல்டொராடோ கன்வர்ட்டிபிளை, அமெரிக்காவின் கடைசித் திறந்தகூரைக் கார் என்று சொல்லி விற்றார்கள். கடைசி 200 கார்கள் வெள்ளை மேல், வெள்ளைக் கூரை, வெள்ளை இருக்கை. பலர் வாங்கி ஓட்டாமலே மூடி வைத்தார்கள். எட்டு வருஷம் கழித்து, 1984ல், அதே கம்பெனி மறுபடியும் கன்வர்ட்டிபிள் போட்டதும் 1976ல் வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் வாங்கியது வண்டியை அல்ல, 'கடைசி' என்ற சொல்லை; வருங்காலத்து ஏக்கத்தை முன்பணம் கட்டி வாங்கியிருந்தார்கள். நினைவே சொத்தாகி, அந்தச் சொத்தின் மதிப்பு குறைந்ததற்கு நஷ்டஈடு கேட்கப்பட்ட இந்த வழக்கை, கார் ஞாபகம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு துணுக்காகக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதுதான் மையம் என்று படுகிறது.

நம் பக்கம் எழுபதுகளின் காடிலாக் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. 1928ல் பம்பாயில் அசெம்ப்ளி ஆலை தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், இங்கேயே முழுசாகத் தயாரிக்காதவர்களுக்கு இடமில்லை என்ற கொள்கை வந்த பிறகு 1954ல் அதை மூடிவிட்டுப் போயிற்று. ஃபோர்டும் போயிற்று. அப்புறம் தூதரகங்கள் கழித்துவிட்ட கார்கள் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாகச் சிலருக்குக் கிடைத்தன, அவ்வளவுதான். ஆக எழுபதுகளில் போடியிலோ சின்னமனூரிலோ அமெரிக்கன் கார் என்றால் அது இருபது இருபத்தைந்து வருஷம் ஓடிக் களைத்த பிளைமௌத், டாட்ஜ், செவர்லே. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் மாட்டியதாகவும் இருக்கும். டெட்ராய்ட் தன் கார்களை நீட்டிக்கொண்டே போன அதே வருஷங்களில் இங்கே அதன் மூத்த பிள்ளைகள் கயிறும் கம்பியும் கட்டி ஓடிக்கொண்டிருந்தன. இதைப் பற்றாக்குறை என்று மட்டும் வாசிப்பது சோம்பேறித்தனம்.

சொல்லைக் கவனியுங்கள். பிளசர். 'பிளெஷர் கார்' என்பது இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் சரக்கு வண்டியிலிருந்து பிரித்துக்காட்ட வைத்த பெயர். முதல் உலகப்போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, இன்பத்துக்கான வண்டி என்றால் அரசாங்கம் கை வைத்துவிடும் என்று பயந்த கார் முதலாளிகளே அந்தப் பெயரை ஒழிக்கப் பார்த்தார்கள். அங்கே மறைந்த சொல் இங்கே தங்கிவிட்டது. தங்கியது யார் வாயில்? கார் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வண்டி என்பார்கள், கம்பெனிப் பேரைச் சொல்வார்கள். பிளசர் என்றது வரப்பில் நின்றவர்கள். இன்பம் எங்கே இருக்கிறது என்று, அதற்குள் உட்காராதவர்கள் வைத்த பெயராகவே அது புழங்கியது. ஆங்கிலம் தெரியாததால் அந்தச் சொல்லின் அர்த்தம் அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

ரொலான் பார்த் ஐம்பதுகளில் சித்ரோயன் காரைப் பற்றி எழுதியபோது கார்களைக் கோதிக் தேவாலயங்களோடு ஒப்பிட்டார் என்பது நம் சிற்றிதழ்க்காரர்களுக்கு மனப்பாடம். அக்கட்டுரையில் எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. கண்காட்சி மண்டபத்தில் ஜனங்கள் காரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தகரத்தை, மூட்டுகளை, மெத்தையை. தொட்ட கணத்தில் தெய்வீகம் கழன்றுவிடுகிறது. பார்த்தின் பாரிஸில் தொடுவது யாருக்கும் பிரச்னையில்லை. நம் ஊரில் தொடுதல் என்ற சொல்லை அப்படி அப்பாவித்தனமாகப் பயன்படுத்த முடியாது. பிளசரைத் தொட்ட பையனுக்கு அடி விழும். ஆனால் அதை முழுக்கத் தொட்ட ஒருத்தன் தினமும் இருந்தான். கிளீனர்.

எங்க அய்யா எழுபதுகளின் தொடக்கத்தில் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி வீட்டு பிளைமௌத்துக்குக் கிளீனராக இருந்தார். அவர் காரைப் பற்றிப் பேசும்போது மாடல் வருஷம் வராது, நிறம்கூட வராது. ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும் கியர் கம்பி ரெண்டுக்கு விழுகிறபோது சிக்கும்; அப்ப இடது கையை எப்படித் திருப்பணும் என்பது வரும். காலையில் ரேடியேட்டருக்கு எத்தனை சொம்பு தண்ணி என்பது வரும். பம்பர் குரோமியத்தை எலுமிச்சைத் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தது வரும். 'அதுல முகம் தெரியணும்டா, கோணலாத் தெரிஞ்சாலும் தெரியணும்' என்பார். பின் இருக்கையைத் தினமும் தட்டித் துடைத்தவர், அதில் ஒருநாளும் உட்காரவில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை, சொல்லவேண்டிய தேவையில்லாத விஷயம் அது. வண்டி உடைப்புக்குப் போனபோது அந்த சீட் மட்டும் ஸ்பிரிங்கோடு ஒரு டீக்கடைக்கு பெஞ்சாக வந்து சேர்ந்தது. அங்கே அய்யா டீ குடிப்பார், நின்றுகொண்டே.

இதை நான் உருக்கமாகச் சொல்லவரவில்லை. உடைமையாளரின் ஞாபகம் புகைப்படத்தால் ஆனது, முன்னிருந்து பார்ப்பது, முழுசானது. கிளீனருடையது பாகம் பாகமானது, கையில் இருப்பது. முதலாவது இலக்கியமாகிறது, இரண்டாவது 'தகவல்' ஆகிறது. இந்தப் பாகுபாடு எழுத்துத் திறமையால் வந்ததல்ல, உட்காரும் உரிமையால் வந்தது.

உட்காரும் உரிமைக்கு இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். ஆக, மோட்டார் வந்தபோதே சாதியும் ஏறி உட்கார்ந்தாயிற்று. அமெரிக்காவிலும் கதை ரொம்ப மாறவில்லை. முப்பதுகளின் தொடக்கம்வரை காடிலாக்கைக் கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்பது கம்பெனிக் கொள்கை. காசுள்ள கறுப்பர்கள் ஒரு வெள்ளையருக்குக் கமிஷன் கொடுத்து அவர் பெயரில் வாங்கினார்கள். கம்பெனி திவாலாகிற நிலையில் நிக்கலஸ் டிரெய்ஸ்டாட் என்ற அதிகாரி இதைக் கவனித்து, நேரடியாகவே விற்போம் என்று நிர்வாகத்தைச் சம்மதிக்கவைத்ததாக பீட்டர் டிரக்கர் பதிவு செய்திருக்கிறார். நியாயத்துக்காக அல்ல, விற்பனைக்காக. 'எங்கள் குடும்ப காடிலாக்' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டுவதில் ஆச்சரியமில்லை.

தமிழில் உடைமையின் புனிதத்தை உடைமைக்குள்ளிருந்தே கலைத்தவர் என்று எம்.ஆர். ராதாவைச் சொல்லலாம். அவர் தன் இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிப்போன கதை எல்லாரும் சொல்வது. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பதற்றமும் உண்டு. வைக்கோல் ஏறலாம் என்றால் அப்புறம் யார் யாரெல்லாம் ஏறலாம் என்ற பதற்றம். ஆனாலும் வைக்கோலை ஏற்றுவதா வேண்டாமா என்று தீர்மானித்தவர் உடையவர்தான். கலகத்துக்கும் ஆர்.சி. புத்தகம் தேவைப்படுகிறது.

பள்ளத்தாக்கில் நிஜமாகவே நிலைத்த அமெரிக்க வண்டி பிளைமௌத் அல்ல, ஜீப். போருக்காக வில்லிஸ் செய்தது. 1947லிருந்து மஹிந்திரா பம்பாயில் பூட்டி விற்றது. அதன் வாரிசுகள் நாற்பது ஐம்பது வருஷமாக விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. போடிமெட்டுக்கு 17 கொண்டைஊசி வளைவு. பத்துப் பேர் வண்டியில் இருபது பேர். சாயங்காலம் திரும்பும் அவசரத்தில் உருண்ட ஜீப்புகளைப் பற்றி அவ்வப்போது பத்திரிகைச் செய்தி வரும், வயது போட்டு, பெயர் போட்டு. இதில் யாருக்கும் உடைமை இல்லை, பிளசரும் இல்லை. அதனாலேயே ஞாபக எழுத்தும் இல்லை. பிளசரைப் பற்றி நாற்பது பக்கம் எழுத ஆளிருக்கும் ஊரில் ஜீப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதப்பட்டிருந்தால் யாராவது காட்டலாம்.

காய் எடுக்க இருபது வருஷத்துக்கு மேல் மலைக்குப் போன என் சித்தியிடம், எந்த வண்டியில போவீங்க, எப்படி இருக்கும் என்று கேட்டேன். 'வண்டி பேரெல்லாம் யாருக்குத் தெரியும். மெட்டு ஏறுறப்ப முன்னால இருக்கிறவ முதுகுல தலையச் சாச்சு ஒரு தூக்கம் போட்ருவோம். எறங்குறப்ப அவ நம்ம மேல சாஞ்சுக்குவா' என்றாள். அப்புறம் நாலு பேர் பெயரைச் சொன்னாள், யார் முதுகு யாருக்கு என்று.